படைப்பதிவேடுகளும் குடும்ப வரலாறும்: சென்னைப் படை ஆவணங்களை மதிப்பிடுதல்

தமிழகத்தின் வட மாவட்டங்களிலும், பெங்களூர், செகந்திராபாத் முதலிய பழைய தண்டு நகரங்களின் தமிழ்க் குடியிருப்புகளிலும் 'சுபேதார் வீடு', 'பட்டாளத்தார் வீடு' என்பன போன்ற வழக்குகளைக் கேட்கலாம். மூதாதையர் ஒருவர் கும்பினிப் பட்டாளத்தில் சேர்ந்து கடல் கடந்து போரிட்டார் என்னும் செய்தி இவ்வீடுகளில் வாய்மொழியாக வழங்கும். ஒரு பதக்கமோ, ஓய்வூதியத் தாளோ, டிஸ்சார்ஜ் புத்தகமோ அச்செய்திக்குச் சான்றாகப் பெட்டியில் இருக்கும். அத்தாளில் காணப்படும் பெயர், ஊர், சாதி, வயது ஆகியவை குடும்பத்தார் கூறுவனவற்றோடு முழுதும் பொருந்தி வருவது அரிது.

குடும்ப வரலாறு எழுத முற்படுவோர் இம்முரண்பாட்டை எதிர்கொள்ளும்போது இரண்டு நிலைப்பாடுகளுள் ஒன்றை மேற்கொள்கின்றனர். ஆவணத்தில் உள்ளதே உண்மை, வாய்மொழி மிகைக்கூற்று என்பது ஒன்று. ஆவணம் அயலார் எழுதியது, ஆகவே நம்பத்தகாதது என்பது மற்றொன்று. இரண்டும் ஆவணத்தைப் பகுக்கவியலாத ஒரு முழுப்பொருளாகக் கருதுகின்றன. படைப்பதிவேடு அத்தகையதன்று. அது பத்திகளால் ஆனது. ஒவ்வொரு பத்தியும் தனித்தனி நோக்கத்திற்காகத் தனித்தனி வழியில் நிரப்பப்பட்டது. பிழை நேர்ந்தால் எவருக்கு என்ன இழப்பு என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு பத்தியின் நம்பகத்தன்மையும் அமைகிறது. சென்னைப் படையின் ஆவணங்களைக் கொண்டு இதனை விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

சம்பளக் கணக்காகப் பிறந்த ஆவணம்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிப்பாய்ப் பட்டாளங்களை அமைத்த கிழக்கிந்தியக் கும்பினி ஒரு வணிக நிறுவனம். அதன் படை ஆவணங்கள் அடிப்படையில் சம்பளக் கணக்குகள். இறந்தோர், ஓடிப்போனோர் பெயரில் ஊதியம் எடுக்கப்படுவது எல்லாக் காலத்துப் படைகளிலும் நிகழ்ந்த முறைகேடு. அதனைத் தடுக்கவே ஆட்களை நேரில் நிறுத்தி எண்ணும் மஸ்டர் முறை நடைமுறையில் இருந்தது. எனவே ஒருவர் குறித்த நாளில் குறித்த பட்டாளத்தில் இருந்தார், இன்ன தரத்தில் இருந்தார், இன்ன நாளில் விலகினார் அல்லது இறந்தார் என்னும் செய்திகள் இவ்வேடுகளில் பெரும்பாலும் திருத்தமாக உள்ளன. பிழை இருப்பின் கும்பினிக்குப் பணம் நட்டம். அவர் எவர் மகன், எவ்வூரார் என்பவற்றில் பிழை இருப்பின் கும்பினிக்கு நட்டம் ஏதுமில்லை. குடும்ப வரலாற்றாளர் தேடுவதோ இரண்டாம் வகைச் செய்திகளையே.

சென்னைப் படைக்கு வேறொரு தனித்தன்மையும் உண்டு. இங்குச் சிப்பாய்களின் குடும்பங்கள் பட்டாளத்தோடு உடன் வாழ்ந்தன. 1811இல் சாவகத்திற்கும், 1824இல் பர்மாவிற்கும், 1840இல் சீனத்திற்கும் சென்னைச் சிப்பாய்கள் கப்பலேறியபோது, ஊதியத்தின் ஒரு பகுதியைத் தாயகத்தில் இருந்த குடும்பத்தாரிடம் வழங்க ஏற்பாடு தேவைப்பட்டது. போரில் இறந்தவரின் வாரிசுக்கு ஓய்வூதியம் வழங்கும் நிலையிலும் மனைவி, தாய், மகன் ஆகியோரின் பெயர்கள் ஏட்டில் ஏறின. இப்பெயர்கள் ஒப்பீட்டளவில் நம்பத்தக்கவை. பணம் பெறுவோர் நேரில் வந்து தம்மை மெய்ப்பிக்க வேண்டியிருந்தமையே காரணம். ஆயினும் 'மனைவி' என்னும் சொல் இங்குப் பணம் பெறும் உரிமை ஏற்கப்பட்டவரைக் குறிக்கிறதே அன்றி, குடும்பத்தின் முழு உறவுநிலையைக் காட்டுவதன்று. இருவர் உரிமை கோரி வழக்காடிய இடங்களில்தான் கோப்பு விரிவாக இருக்கும். அமைதியாக வாழ்ந்த குடும்பத்தைவிடச் சச்சரவிட்ட குடும்பத்தின் வரலாறே நமக்கு மிகுதியாகக் கிடைக்கிறது என்பது இத்துறையின் வேடிக்கைகளுள் ஒன்று.

எஞ்சியுள்ள ஏடுகளின் அளவும் நோக்கத்தக்கது. இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ள இந்திய அலுவலக ஆவணங்களில் ஐரோப்பிய அதிகாரிகளின் பணிவரலாறு, ஐரோப்பியப் படைவீரர் பட்டியல்கள், திருமுழுக்கு, திருமணம், அடக்கம் பற்றிய திருச்சபைப் பதிவுகள் ஆகியன தொடர்ச்சியாக உள்ளன. சாதாரணச் சிப்பாய்களுக்கு இவற்றோடு ஒப்பிடத்தக்க தொடர் இல்லை. ஆகவே ஒரு சிப்பாயின் பெயர் கிடைக்கவில்லை என்பதனால் அவர் படையில் இல்லை என்று முடிவு கட்டுதல் பொருந்தாது.

பெயரும் பாடவேறுபாடும்

சுவடிப் பதிப்பில் பயிற்சியுடைய தமிழாய்வாளருக்குப் படைப்பதிவேட்டின் பெயர்ப்பத்தி புதிய பொருளன்று. புள்ளியின்றியும், எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடின்றியும் எழுதப்பட்ட ஓலையில் சரியான பாடத்தைத் தேர்வதற்குக் கைக்கொள்ளும் அதே எச்சரிக்கை இங்கும் வேண்டும். சிப்பாய் தம் பெயரைத் தமிழில் சொல்கிறார். பட்டாள எழுத்தர் தெலுங்கரோ இசுலாமியரோ ஆக இருக்கலாம். அவர் தம் காதில் விழுந்தவாறு கொள்கிறார். ஆங்கிலேய அதிகாரி அதனைத் தம் வழக்கப்படி எழுதுகிறார். பின்னர் ஒவ்வொரு படியெடுப்பிலும் ஒரு பிழை சேர்கிறது.

பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் குறில் அகரத்தை 'யு' என்னும் எழுத்தால் குறிக்கும் வழக்கம் இருந்தது. எனவே இக்காலத்தவர் 'ருங்கசாமி' என்று படிக்க நேரும் பெயர் ரங்கசாமியே. லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும் ஒன்றாகிவிடுகின்றன. முனியன், முனியாண்டி, முனிசாமி என்னும் மூவர் ஒருவராகவும், ஒருவரே மூவராகவும் தோன்ற இடமுண்டு. தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் வழக்கம் பரவாத காலத்தில் ஒரே பட்டாளத்தில் பல முனிசாமிகள் இருப்பர். ஆகவே பெயர் ஒன்றை மட்டும் கொண்டு ஆளை இனங்காணுதல் கூடாது. பெயர், தந்தை பெயர், ஊர், பட்டாள எண், காலம் என்னும் ஐந்தனுள் மூன்றேனும் தனித்தனி ஆவணங்களில் பொருந்தி வரவேண்டும். ஓர் ஆவணத்தைப் பார்த்து எழுதப்பட்ட மற்றோர் ஆவணத்தைத் தனிச்சான்றாகக் கொள்ளலாகாது. ஒரே மூலத்தின் இரு படிகளை இரு சுவடிகளாக எண்ணும் பிழையை இது ஒக்கும்.

ஊர்ப்பெயர்களில் மற்றொரு சிக்கல் உண்டு. ஊர் நிற்குமிடத்தில் நிற்க, மாவட்டம் மாறிக்கொண்டிருந்தது. திருப்பத்தூர் வட்டம் சேலம் மாவட்டத்திலிருந்து 1911இல் வட ஆர்க்காட்டிற்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1989இல் வட ஆர்க்காடு பிரிக்கப்பட்டது. 2019இல் திருப்பத்தூரே ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. 'சேலம் ஜில்லா' என்று ஒரு தாளிலும் 'வட ஆர்க்காடு' என்று மற்றொரு தாளிலும் இருப்பதனால் இருவேறு ஆட்கள் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. தாள்கள் எழுதப்பட்ட ஆண்டே அவ்வேறுபாட்டை விளக்கக்கூடும்.

சாதிப் பத்தியும் வயதுப் பத்தியும்

படைப்பதிவேட்டில் மிகக் குறைந்த நம்பகத்தன்மை உடையவை இவ்விரண்டு பத்திகளே. வயது, பெரும்பாலும் ஆட்சேர்ப்பு விதி வேண்டிய அளவுக்கு ஏற்பச் சொல்லப்பட்டது. பிறப்புப் பதிவு பரவாத காலத்தில் பதினாறு வயதினரும் இருபத்தைந்து வயதினரும் பதினெட்டு எனப் பதிவாவது எளிது. உயரம், மார்பளவு, உடலிலுள்ள மச்சம், தழும்பு ஆகியவை அளந்தும் கண்டும் எழுதப்பட்டவை. ஓடிப்போனவரைப் பிடிக்க இவை தேவைப்பட்டமையால் கவனத்தோடு எழுதப்பட்டன. ஒரே தாளில் இடது புருவத்துத் தழும்பு மெய்யாகவும் வயது பொய்யாகவும் இருக்கலாம்.

சாதிப் பத்தி இதனினும் சிக்கலானது. சென்னைப் படையின் வகைப்பாட்டில் இசுலாமியர், தெலுங்கர், தமிழர், பறையர் உள்ளிட்ட பிறர், கிறித்தவர் என்றாற்போன்ற சில தொகுப்புகளே இடம்பெற்றன. இங்குத் 'தமிழர்' என்பது மொழியைக் குறித்த சொல்லன்று. தமிழ் பேசும் சாதி இந்துக்களை அது குறித்தது. தமிழே தாய்மொழியான பறையர் அத்தொகுப்பிற்குப் புறத்தே வைத்து எண்ணப்பட்டனர். இக்காலப் பொருளில் இச்சொல்லைப் படிப்போர் ஒரு பட்டாளத்தில் தமிழர் எத்தனை பேர் என்று கணக்கிடும்போது பெரும்பிழை செய்ய நேரும்.

1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த பிரடெரிக் இராபர்ட்ஸ் தென்னிந்திய வீரர்களைத் தாழ்வாக மதிப்பிட்டார். 1897இல் வெளியான தம் நினைவுக்குறிப்பிலும் அக்கருத்தைப் பதிவு செய்தார். 'போர்க்குடிகள்' என்னும் கோட்பாடு வலுப்பெற்றபோது தென்னிந்தியருக்கான இடங்கள் சுருங்கின. எஞ்சிய இடங்களும் இன்ன வகுப்பாருக்கு இத்தனை என வரையறுக்கப்பட்டன. சேர விரும்பிய இளைஞர், இடமுள்ள வகுப்பின் பெயரைச் சொல்வதற்கு இது தூண்டுதலாயிற்று. ஆட்பிடித்துக் கொடுத்தவருக்கும் அது வசதி. ஆகவே ஒரு தாளிலுள்ள சாதிப்பெயர், அக்குடும்பத்தின் சாதியைக் காட்டிலும் அவ்வாண்டின் ஆட்சேர்ப்பு விதியையே மிகுதியாகக் காட்டக்கூடும். இதனைச் சாதிப்பெருமைக்குரிய சான்றாக எடுத்தாள்வோரும், இழிவாகக் கருதி மறைப்போரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர்.

வில்சன் 1880களில் பல தொகுதிகளாக எழுதிய சென்னைப் படை வரலாறு இன்றும் தவிர்க்கவியலாத நூல். எனினும் அது எழுந்த காலத்தில் சென்னைப் படையின் தகுதியே கேள்விக்குள்ளாகியிருந்தது. அப்படையின் பழம்பெருமையைத் தொகுத்துரைக்கும் நோக்கம் நூலெங்கும் தெரிகிறது. மெய்க்கீர்த்திகளைப் படிக்கப் பழகியவர்க்கு இது புலப்படாமற் போகாது.

எண் மாறிய பட்டாளங்கள்

குடும்ப வரலாறுகளில் மிகுதியும் நேரும் பிழை பட்டாள எண்ணால் விளைவது. சென்னைப் பட்டாளங்களின் எண்கள் 1796, 1824 ஆகிய ஆண்டுகளின் சீரமைப்புகளில் மாறின. 1903இல் கிச்சனர் இந்தியப் படைகளை ஒரே வரிசையில் கொணர்ந்தபோது, எஞ்சியிருந்த சென்னைக் காலாட்படைப் பிரிவுகளின் எண்ணோடு அறுபது கூட்டப்பட்டது. முதல் சென்னைப் பயனியர் பிரிவு 61ஆம் பயனியர் ஆயிற்று. 13ஆம் பிரிவு 73ஆம் கர்நாட்டிக் காலாட்படை ஆயிற்று. 1922இல் எஞ்சிய கர்நாட்டிக் பிரிவுகள் சில மூன்றாம் மெட்ராஸ் ரெஜிமெண்டாகத் தொகுக்கப்பட்டன. சில ஆண்டுகளில் அதுவும் கலைக்கப்பட்டது. மெட்ராஸ் ரெஜிமெண்டு இரண்டாம் உலகப் போரின்போதே மீண்டும் உருப்பெற்றது.

16ஆம் சென்னைப் பிரிவின் நிலை இங்குச் சிறப்பாக எண்ணத்தக்கது. 1903இன் கணக்குப்படி அது 76ஆம் பிரிவு. ஆனால் அப்போது பெற்ற பெயர் '76ஆம் பஞ்சாபிகள்'. இராபர்ட்ஸ் காலத்துக் கருத்தின் விளைவாகத் தமிழரும் தெலுங்கரும் நீக்கப்பட்டுப் பஞ்சாபியர் நிரப்பப்பட்ட பிரிவுகளுள் அதுவும் ஒன்று. அது 1916 ஏப்ரல் 29இல் மெசபட்டோமியாவின் கூட் நகரில் துருக்கியரிடம் சரணடைந்த படையில் இருந்தது. பாட்டனார் 16ஆம் பட்டாளத்தவர் என்னும் செய்தியை வைத்துக்கொண்டு, பிரிவின் வழிமரபை நூலில் தேடி, அவர் கூட் முற்றுகையில் சிறைப்பட்டார் என்று எழுதிவிட இடமிருக்கிறது. பிரிவின் வழிமரபு வேறு, அதிலிருந்த மனிதரின் வழிமரபு வேறு. கொடியும் போர்ப்புகழும் தொடர்ந்தன, ஆட்கள் மாறினர்.

பதக்கங்கள் இவ்வகையில் சற்று உதவுவன. முதல் உலகப் போரின் பிரித்தானியப் போர்ப்பதக்கத்தின் விளிம்பில் எண், தரம், பெயர், பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டன. போரிடும் படையினருக்கு அது வெள்ளியில் வழங்கப்பட்டது. தொழிலாளர் படை முதலிய போரிடாப் பணிகளில் இருந்தோர் பலருக்கு வெண்கலத்தில் வழங்கப்பட்டது. 'சிப்பாய்' என்று குடும்பம் நினைவுகூரும் ஒருவரின் பதக்கம் வெண்கலமாயின், அவர் சுமைதூக்கியோ கோவேறு கழுதை ஓட்டியோ ஆக இருந்திருக்கலாம். குடும்ப நினைவு அவரைப் படைவீரராக உயர்த்தியிருக்கலாம். ஆயின் பதக்கம் கைமாறும் பொருள் என்பதையும் மறத்தலாகாது. விளிம்பிலுள்ள பெயர் குடும்பத்தாருடையதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பெயர் பெறாதோர்

ஆவணம் பிழைபடுதலினும் அது வாய்திறவாமை பெரிய இடர். போர்க்களத்தில் நாள்தோறும் எழுதப்பட்ட பட்டாள நாட்குறிப்புகளில் இடமும் நேரமும் துல்லியமாக உள்ளன. ஆங்கிலேய அதிகாரி இறந்தால் பெயர் இருக்கும். சிப்பாய்கள் இறந்தால் பெரும்பாலும் எண்ணிக்கை மட்டும் இருக்கும்.

1806 சூலை 10இல் நிகழ்ந்த வேலூர்ப் புரட்சியைப் பற்றிய பதிவுகள் இதற்குத் தக்க சான்று. ஐரோப்பியத் தரப்பில் அதிகாரிகள் 14 பேரும், 69ஆம் பிரிவினர் ஏறத்தாழ 115 பேரும் இறந்தனர் எனக் கணக்குண்டு. கோட்டை மீட்கப்பட்டபோது கொல்லப்பட்ட சிப்பாய்களின் எண்ணிக்கையோ நூல்களில் 350 முதல் 800 வரை வேறுபடுகிறது. ஆனால் சதியை முன்னரே அறிவித்த முஸ்தபா பேக் என்னும் சிப்பாயின் பெயரும், அவருக்கு வழங்கப்பட்ட 2,000 பகோடாப் பரிசும், சுபேதார் தர ஓய்வூதியமும் தெளிவாகப் பதிவாகியுள்ளன. தண்டனை பெற்றோர் பெயர்களும் விசாரணைப் பதிவுகளில் உள்ளன. சிப்பாய் தண்டிக்கப்படும்போதும் பரிசு பெறும்போதும் பணம் வாங்கும்போதும் அவரைப் பெயரிட்டு அழைக்கும் ஆவணம், மற்ற நேரங்களில் அவரை எண்ணாக்கிவிடுகிறது.

நினைவுச் சின்னங்களிலும் இதே நிலை. பிரான்சு நாட்டு நூவ் சப்பேலில் 1927இல் திறக்கப்பட்ட நினைவகத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் உள்ளன. 1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவகத்திலோ இந்திய அதிகாரிகளின் பெயர்களே பொறிக்கப்பட்டன. சாதாரண வீரர்கள் பிரிவுவாரியாக எண்ணிக்கையில் அடங்கினர். ஐரோப்பிய மண்ணில் இறந்தவருக்குப் பெயர், மெசபட்டோமியாவில் இறந்தவருக்கு எண். பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் உள்ளிட்டோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரிட்டு நினைவுகூரப்படவோ நினைவுகூரப்படவோ இல்லை என்றும், இந்த எண் 3,50,000 வரை இருக்கக்கூடும் என்றும் ஒப்புக்கொண்டது.

செங்கம் பகுதியின் எடுத்தனூர் நடுகல்லை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். மகேந்திரவர்மன் காலத்து அக்கல்லில் இறந்த வீரன் கருந்தேவக்கத்தியின் பெயர் உள்ளது. அவனோடு நின்ற நாயின் உருவமும், கோவிவன் என்னும் அதன் பெயரும் உள்ளன. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் பேரரசு ஒன்று எழுப்பிய கல்லில் மனிதருக்குக் கிடைக்காதது, தொண்டைநாட்டுக் கால்நடைப் பூசலொன்றில் ஒரு நாய்க்குக் கிடைத்திருக்கிறது.

முதல் உலகப் போருக்குப்பின் இந்திய ஊர்கள் பலவற்றில் பதிக்கப்பட்ட சலவைக்கல் பலகைகளும் பெயர் சொல்வதில்லை. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் இறந்தனர் என்பதே அவற்றின் வாசகம். எனினும் இவை பயனற்றவை அல்ல. ஆணையத்தின் பட்டியல்களில் இந்தியர் பலருக்குத் தந்தை பெயரும் ஊரும் தரப்பட்டுள்ளன. அவ்வூரார் எனக் குறிக்கப்பட்டோரை எண்ணிப் பலகையின் எண்ணோடு ஒப்பிட்டால், இன்னும் எத்தனை பேரைத் தேட வேண்டும் என்பது தெரியவரும்.

எதிரெதிர் நோக்கங்கள்

ஒருவரைப் பற்றி எதிரெதிரான நோக்கங்களோடு எழுந்த இரண்டு ஆவணங்கள் கிடைக்குமாயின் அது ஆய்வாளரின் நற்பேறு. இந்திய தேசிய இராணுவத்தினரைப் பற்றிய பதிவுகள் இத்தகையவை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட இந்திய வீரருள் பலரும், மலேயாத் தமிழருள் பலரும் அப்படையில் சேர்ந்தனர். போர் முடிந்தபின் பிரித்தானியர், சேர்ந்த வீரரை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என வகைப்படுத்தினர். கறுப்பு எனப்பட்டோர் பணிநீக்கத்தையும் ஊதிய, ஓய்வூதிய இழப்பையும் எதிர்நோக்கினர். அவ்விசாரணையில் 'வற்புறுத்தலால் சேர்ந்தேன், போரிடவில்லை' என்று கூறுவதே பாதுகாப்பு. 1972இல் மைய அரசு விடுதலைப் போராட்ட வீரர்க்கு ஓய்வூதியத் திட்டம் கொணர்ந்தது. 1980இல் அது விரிவாக்கப்பட்டது. இப்போது 'விரும்பிச் சேர்ந்தேன், சிறைப்பட்டேன்' என்று மெய்ப்பிப்பதே பயன் தருவதாயிற்று. சிறைச்சான்று இல்லாதோர் உடன் சிறையிருந்தவரின் சான்றிதழை அளித்தனர்.

இவ்விரண்டு கூற்றுகளுள் எது உண்மை என்று கேட்பதில் பெரும்பயன் இல்லை. அச்சத்தில் சொல்லப்பட்டதும், முப்பது ஆண்டுகளுக்குப்பின் வறுமையிலோ பெருமிதத்திலோ சொல்லப்பட்டதும் அவ்வக்காலத்துத் தேவைக்கேற்ப அமைந்தவை. ஆனால் இரண்டிலும் ஒன்றுபோல வரும் செய்திகள் உண்டு. சிறைப்பட்ட இடம், பிரிவு, உடனிருந்தோர் பெயர், நோயுற்ற முகாம், திரும்பிய திங்கள் ஆகியன அவை. நோக்கங்கள் எதிர்த்திசையில் இழுத்தும் மாறாது நின்ற இச்செய்திகளைக் கொண்டே அம்மனிதரின் அவ்வாண்டுகளை எழுதத் தொடங்கலாம். சேர்ந்ததன் காரணத்தை, விசாரணைத் தாளில் உள்ளவாறும் விண்ணப்பத்தில் உள்ளவாறும், ஆண்டு குறித்து, அடுத்தடுத்து வைத்துவிடலாம்.